உடைந்ததைச் சொல்லும் சனிக்கிழமை

வால்கிரீஸ் கன்னியர் மடத்தின் வாசலை எர்சாந்து பார்த்துக்கொண்ட காலத்தில், அவளுக்குத் தெரியாமல் ஒரு கோழிகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. மரக்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சன்னல் உண்டு. யார் தட்டினாலும் முதலில் அதில் அவளுடைய ஒரு கண் தெரியும். பிறகு கண்ணை எடுத்துவிட்டுக் காதை வைப்பாள். வந்தவன் என்ன சொல்கிறான் என்பதைவிட, சொல்லி முடித்த பிறகு எப்படி மூச்சு விடுகிறான் என்பதைத்தான் கவனிப்பாள். பொய் சொன்னவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான் என்பது அவள் கண்டுபிடித்தது. அது எல்லா நேரமும் சரியாக வரவில்லை. ஒருமுறை ஆஸ்துமாக்காரக் குயவன் ஒருவனைத் திருடன் என்று மழையில் நிறுத்திவைத்துவிட்டாள். ஆனாலும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அவள் கோயிலில் நின்று லத்தீன் பாட்டுப் பாடும் கன்னியரில் ஒருத்தி இல்லை. வேலைச் சகோதரி. அந்த மடத்தில் பாடுகிறவர்கள் ஒரு சாதி மாதிரி, துவைக்கிறவர்கள், சமைக்கிறவர்கள், வாசல் பார்க்கிறவர்கள் இன்னொரு சாதி மாதிரி. இரண்டு கூட்டத்துக்கும் உடுப்பு வேறு, சாப்பாட்டு மேசை வேறு. பேசாதிருக்கும் விதி மட்டும் எல்லோருக்கும் ஒன்று. பகலில் பெரும்பாலான நேரம் வாய் திறக்கக் கூடாது. வேண்டியதைக் கைச்சைகையில் சொல்ல வேண்டும்.

மடத்துக்கு வருவதற்கு முன் எர்சாந்து ஓப் ஆற்று ஓடக்காரனின் மனைவி. ஒரு வசந்தகால வெள்ளத்தில் ஓடமும் போனது, ஓடக்காரனும் போனான். அப்போது அவள் நிறைமாதம். பிறந்த பிள்ளை அழவில்லை. மருத்துவச்சி தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் அதன் மூச்சு நின்றுவிட்டது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கோயில் கல்லறையில் இடம் கிடையாது. வேலிக்கு வெளியே, நாய் கிளறாத ஆழத்தில் புதைத்துவிட்டு வர வேண்டியதுதான். எர்சாந்து அப்படிச் செய்யவில்லை. விடியும் நேரத்தில் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், கோயில் சுவரை ஒட்டி, கூரைத் தண்ணீர் சொட்டி மண் குழிந்திருக்கும் இடத்தில் புதைத்தாள். கோயில் கூரையைத் தொட்டு விழும் மழை சும்மா மழையில்லை, அது பிள்ளையின் மேல் சொட்டினால் குருவானவர் கை வைத்த மாதிரிதான் என்று அந்த ஆற்றோரத்துப் பெண்கள் நம்புவார்கள். குருமார் நம்ப மாட்டார்கள். தெரிந்தால் தோண்டி எடுத்து வேலிக்கு அப்பால் போடச் சொல்வார்கள். ஆற்றுக்கு அக்கரையில் அப்படித் தோண்டிய கதை அவளுக்குத் தெரியும். தோண்டியவன் அவள் கணவனின் ஓடத்தில்தான் மண்வெட்டியோடு போனான்.

அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குக் குருவிடம் போகும்போதெல்லாம் கோபப்பட்டது, தூங்கிவிட்டது, ரொட்டித் துண்டைத் திருடியது என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். அந்த ஒருவர் மடத்தின் தாயார், பெத்ரோனில்.

அது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் மதியத்துக்கு மேல் தாயார் தன் சின்ன அறையில் உட்காருவார். அந்த வாரத்தில் எதையாவது உடைத்தவர்கள், சிந்தியவர்கள், தீய்த்தவர்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். இன்னாரின் கையால் ஒரு சட்டி போனது, ஒரு மூடி விரிசல் விட்டது, பட்டாணிக் கூழ் அடிப்பிடித்தது. தாயார் கேட்டுவிட்டு, சில சமயம் திட்டிவிட்டு, நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டு அனுப்புவார். அவ்வளவுதான். இந்தச் சனிக்கிழமைக் காரியத்துக்கு மடத்தில் ஒரு சைகை இருந்தது. முட்டியால் நெஞ்சில் ஒரு தட்டு, பிறகு ஆள்காட்டி விரல் காதுக்குப் பின்னால். உடைத்தவள் நெஞ்சில் தட்டிக்கொள்கிறாள், தாயார் காது கொடுக்கிறார். யார் உண்டாக்கியது என்று யாருக்கும் தெரியாது. மடத்தைத் தொடங்கிய முதல் பெண்கள் உண்டாக்கியிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை எர்சாந்து தண்ணீர்க் குடம் உடைத்ததைச் சொல்லப் போனாள். குடத்தைச் சொன்னாள். பிறகு எழவில்லை. குடம் உடைந்த சத்தத்தில் அவளுக்குள் என்னவோ வழிவிட்டது. பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிட்டாள். 

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னியா?" என்று தாயார் கேட்டார்.

"இல்ல தாயே."

"இனிமேலும் சொல்லாத. ஆண்டவர் மன்னிப்பாரு."

நெற்றியில் சிலுவை போட்டார். குடத்துக்குப் போடுகிற அதே சிலுவைதான். எர்சாந்துக்கு அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

பல வருடங்கள் கழித்து, நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாள் முடிந்து ஆடுகளைக் கொட்டிலில் அடைத்த பிறகு, கோத்தியே மடாதிபதி விசாரணைக்கு வந்தார். வால்கிரீஸ் பெண்கள் மடத்துக்கு மேலதிகாரமாக ஓர் ஆண் மடம் இருந்தது. அதன் மடாதிபதிதான் பெண்களுக்கும் தகப்பன் முறை. ஆண்டுக்கு ஒருமுறை வருவார், கணக்குப் பார்ப்பார், திரைச்சீலை கிழிந்திருக்கிறதா, கம்பிச் சன்னல் உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார், ஒரு வேளை மீன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த வருடம் மீன் வேண்டாம் என்றார். ஏதோ சரியில்லை என்று எர்சாந்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கூட்டமண்டபத்தில் எல்லோரையும் வரச்சொன்னார். பாடும் கன்னியர் சுவரோரப் பலகையில் உட்கார்ந்தார்கள். வேலைச் சகோதரிகள் பின்னால் நின்றார்கள். மடாதிபதிக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்தார்.

"இந்த மடத்துத் தாயார் தனியறையில் உட்கார்ந்து பெண்களுடைய பாவங்களைக் கேட்பதாகவும், கேட்டுவிட்டுச் சிலுவை போட்டு மன்னிப்பதாகவும் எங்கள் காதுக்கு வந்திருக்கிறது. பாவத்தைக் கேட்கவும் மன்னிக்கவும் குருவானவருக்கே அதிகாரம். பெண்ணுக்கு இல்லை. மெய்யென்று தெரிந்தால் இவருடைய பதவி அன்றோடு போகும்."

 பிறகு பலகையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ மரச்செருப்பால் தரையைத் தட்டினாள். அடுத்தவளும் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுவதும் குதிரைக் கொட்டில் மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறந்தால்தான் குற்றம், காலைத் தட்டினால் குற்றம் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. சத்தம் அடங்கும்வரை மடாதிபதி காத்திருந்தார்.

"ஒவ்வொருத்தரையும் தனியா விசாரிப்பேன். நற்செய்திப் புத்தகத்து மேல கை வச்சுச் சொல்லணும். பொய் சொன்னவங்களுக்கு நற்கருணை இல்ல, செத்தா இந்தக் கல்லறையில இடமும் இல்ல."

பெத்ரோனில் தாயார் அசையவில்லை.  சட்டி பானை சொன்ன மற்றவர்களுக்குக் கவலையில்லை. பின்வரிசையில் நின்ற எர்சாந்தோ புத்தகத்தின் மேல் கை வைத்து மெய்யைச் சொன்னால் தாயாரின் பதவி போகும், பிள்ளையைத் தோண்டி எடுப்பார்கள். பொய் சொன்னால் அவளே போவாள்.

அதற்குப் பிறகு மடத்தில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தார்கள். மடாதிபதியின் காதில் யார் போட்டது என்பதுதான் கேள்வி. பாடும் கன்னியரில் பாதிப் பேர் துணைத் தாயார் கிபூர்க்கைச் சந்தேகப்பட்டார்கள். தாயார் போனால் அடுத்தது அவள்தானே. மீதிப் பேர் வேலைச் சகோதரிகளில் ஒருத்திதான் என்றார்கள், எவள் என்று சொல்லவில்லை. வேலைச் சகோதரிகள் சமையற்கட்டில், பேச அனுமதியுள்ள கொஞ்ச நேரத்தில், வெங்காயம் உரித்தபடி ஆராய்ந்தார்கள்.

"வெளியுலகத்தோட பேசுறது யாரு? ஒரே ஒருத்திதான்" என்றாள் பெலோத். அடுப்பு அவள் பொறுப்பு. வாய் பெரிது. "வாசல்காரி வாயைத் தொறந்திருப்பா."

"என் வாய் உன் வாய் மாதிரி இல்லடி, ஈ போயிட்டு வர்ற அளவுக்கு" என்றாள் எர்சாந்து.

"அப்ப ஏன் உன் முகம் வெளுத்துப் போச்சு? நான் எட்டுச் சட்டி உடைச்சவ, நான் நல்லா சாப்பிடுறேன். நீ என்னக்கா, என்னிக்கோ ஒரு குடம் உடைச்சதுக்கு இப்படி நடுங்குற?"

எர்சாந்து கத்தியைக் கீழே வைத்தாள். "நான் குடம் உடைச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும், சத்தம் அப்படி."

"அறைக்குள்ள நான் எவ்வளவு நேரம் இருந்தேன்னும் தெரியுமா?"

பெலோத் வெங்காயத்தைப் பார்த்தாள். "கதவு மெல்லிசு. அதுக்கு நான் என்ன பண்ண?" என்றாள். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அன்று ஒட்டுக்கேட்டாளா இல்லையா என்று எர்சாந்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. பெலோத் மூச்சை அடக்கவில்லை. ஆனால் வெங்காயம் உரிக்கும்போது எல்லோருமே மூக்கால் ஒரு மாதிரிதான் மூச்சு விடுவார்கள்.

அன்று மாலை தாயாரே வாசலுக்கு வந்தார். அப்படி வருவது வழக்கமில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உன் சன்னல் வழியா என்னென்ன வெளிய போகுது எர்சாந்து?"

"ரொட்டி போகுது. கம்பளி போகுது தாயே."

"பேச்சு?"

"பேச்சு என்னோட நின்னுடும்."

"இத்தனை வருஷமா நின்னுச்சு. அதான் கேக்குறேன்." கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு உன் முறை" என்றார்.

"தெரியும் தாயே."

"என் முறை அதுக்கப்புறம்."

அவ்வளவுதான் சொன்னார். எர்சாந்து அதை வைத்து இரவெல்லாம் போடாத கணக்கில்லை. என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்கிறாரா? இல்லை, நீ வாயைத் திறந்தால் நானும் திறப்பேன் என்கிறாரா? தாயாருக்குக் கோயிலின் பெயர் தெரியும், சுவர் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். தான் தப்பிக்க வேண்டுமானால், 'ஒருத்தி சொன்னாள், நான் கேட்டேன், மன்னிக்கவில்லை, இதோ இடம்' என்று அவரே சொல்லிவிடலாம். பெரிய குடும்பத்தில் பிறந்தவர். ஓடக்காரன் பிள்ளையின் எலும்பு அவருக்கு எம்மாத்திரம்? இப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

மறுநாள் காலை, வெளிவாசல் திண்டில் தியெரி உட்கார்ந்திருந்தார். மடாதிபதியின் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் தாடிச் சகோதரர். ஆண் மடத்து வேலைச் சகோதரர்கள் எல்லோருக்கும் தாடி உண்டு, இவருக்கு மார்புவரை. ஒன்றிரண்டு மாதம் முன்பு, மைக்கேல் திருநாள் சமயத்தில் உப்பு மூட்டை கொண்டுவந்தவரும் அவர்தான். எர்சாந்து சன்னல் வழியாகப் பட்டாணிக் கூழ் நீட்டினாள். பேசக் கூடாத நேரம். அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவளைக் காட்டினார், உள்ளே மடாதிபதி இருக்கும் பக்கம் காட்டினார். பிறகு முட்டியால் நெஞ்சில் தட்டி, விரலைக் காதுக்குப் பின்னால் வைத்துப் புருவத்தை உயர்த்தினார்.

எர்சாந்துக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வாரம் எதுவும் உடையவில்லை என்று கையை விரித்தாள்.

அவர் மறுபடி அதையே செய்தார். அவள் சட்டியைப் போல் கையைக் குவித்து, பிறகு உடைந்ததுபோல் விரித்துக் காட்டி, இல்லை என்று தலையாட்டினாள்.

தியெரி கூழை வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். இருபுறமும் பார்த்துவிட்டு, விதியை மீறி வாயைத் திறந்தார். "சட்டியா? எந்தச் சட்டி?"

"நீங்கதான அண்ணே கேட்டீங்க, உடைஞ்சதைச் சொல்லியாச்சான்னு."

"நான் எங்க கேட்டேன்? உன் பாவசங்கீர்த்தனம் முடிஞ்சுதான்னு கேட்டேன். விசாரணைக்கு முன்னால எல்லாரும் பண்ணிக்குவாங்களே."

"அதுக்கா இந்தச் சைகை?"

"எங்க மடத்துல அதுக்கு இதுதான்."

"எங்களுக்கு இது சட்டி பானை. சனிக்கிழமை தாயார்கிட்ட போயி இன்னது உடைஞ்சுதுன்னு சொல்றது."

 தியெரியின் தாடியில் கூழ் சொட்டியது, அவர் துடைக்கவில்லை.

உப்பு கொண்டுவந்த அன்று தாயார் எங்கே என்று அவர் சைகையில் கேட்டதும், தான் தாயாரைக் குறிக்க நெற்றியில் இரண்டு விரல் வைத்து, நெஞ்சில் தட்டி, காதைக் காட்டி, கடைசியில் சிலுவை போடுவதுபோல் காட்டியதும் எர்சாந்துக்கு நினைவு வந்தது. தாயார் உடைந்ததைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் வருவார் என்றுதான் சொன்னாள். அன்றைக்கும் ஒரு சனிக்கிழமை. ஒரு வார்த்தை பேசவில்லை. இதுவரை கிபூர்க்கின் முதுகையும் பெலோத்தின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது அவள் கைதான்.

"யாருகிட்ட சொன்னீங்க அண்ணே?"

"எங்க மடத்து விருந்தினர் அறையைப் பாத்துக்கிற சாமிகிட்ட. அதுவும் சிரிப்புக்காக. பொம்பளைங்க இப்ப குருப்பட்டமும் வாங்கிட்டாங்கன்னு."

"மடாதிபதிகிட்ட போயி நீங்களே சொல்லுங்க, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு."

"சொன்னா? சேத்துல ரெண்டு நாள் அவரைக் குதிரையில கூட்டிட்டு வந்தது என் முட்டாள்தனத்துக்கா? குதிரைக்கிட்ட இருந்து தூக்கிப் பன்னிக்கிட்ட போடுவாரு." கிண்ணத்தைத் திருப்பி நீட்டினார். "அவரு கேட்டா மறைக்க மாட்டேன். நானா போக மாட்டேன்."

மூச்சை அடக்காமல்தான் சொன்னார். அவள் நம்பவில்லை.

அவள் முறை வந்தபோது மடாதிபதி விருந்தினர் அறையில், கரிச்சட்டிக்குப் பக்கத்தில் கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆற்றின் மேல்பக்கத்து மாவுமில்காரன் மகன் என்பார்கள். பக்கத்தில் ஒரு துறவி எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் நற்செய்திப் புத்தகம்.

"பேரு?"

"எர்சாந்து, சாமி. வாசல்."

"வாசல் உன் பேரா?"

"அப்படித்தான் கூப்பிடுறாங்க."

கையை வைக்கச் சொன்னார். வைத்தாள். அவர் கேட்பதற்கு முன்பே சைகைக் கதையை முழுவதும் சொன்னாள். உப்பு, தியெரி, நெஞ்சு, காது, சிலுவை. செய்தும் காட்டினாள். மடாதிபதி எழுதுகிறவரைப் பார்த்தார். தியெரியைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

தியெரி வந்து தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தம்மா சொல்றது நெசம்தான் சாமி. அவங்க கை பேசுற பாஷை வேற. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். மறைக்கவில்லை. எர்சாந்துக்கு அவர்மேல் இருந்த சந்தேகம் கொஞ்சம் குறைந்தது.

அவரை வெளியே அனுப்பிவிட்டு மடாதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆக, நான் இவ்வளவு தூரம் வந்தது உடைஞ்ச சட்டிக்காக."

"சட்டி மட்டும் இல்ல சாமி. மூடி, கரண்டி எல்லாம் சேர்த்துத்தான்."

எழுதுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். மடாதிபதி சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கறதுதான் உறுத்துது. சைகை சட்டியைப் பத்தினதுன்னே வச்சுக்குவோம். அறைக்குள்ள நடந்தது சைகை இல்லையே, பேச்சு. நீ அந்த அறையில சட்டி பானையைத் தவிர வேற எதாவது உங்க தாயார்கிட்ட சொன்னது உண்டா? கை புத்தகத்து மேல இருக்கு."

எர்சாந்து கையைப் பார்த்தாள். தோல் அட்டை குளிர்ந்திருந்தது. ஆம் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று வரும். அதற்கு அடுத்தது எங்கே என்று வரும். இல்லை என்று சொல்ல நாக்கைத் தயார் செய்தாள். சொல்ல வரவில்லை. தன் மூச்சைத் தானே அடக்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. எதிரில் இருப்பவருக்கும் தெரிந்திருக்கும்.

கையைப் புத்தகத்திலிருந்து எடுத்தாள். தரையில் முழங்காலிட்டாள்.

"சாமி, அதைப் பாவசங்கீர்த்தனமாத்தான் சொல்வேன். நீங்க கேளுங்க."

எழுதுகோலின் சத்தம் நின்றது.

மடாதிபதி கால்களை இழுத்துக்கொண்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எங்கும் சொல்ல முடியாது. ஆயரிடம் முடியாது, தன் மடத்தில் முடியாது. அதை வைத்து யாரையும் பதவியிலிருந்து இறக்கவும் முடியாது. கேட்காமல் விட்டால், பாவத்தோடு முழங்காலிட்டவளைத் துரத்தினவர் ஆவார்.

"இதை யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தது? பெத்ரோனிலா?"

"யாரும் இல்ல சாமி. பயம்."

"உங்க கோயில் குருகிட்ட போ."

"இத்தனை வருஷமா அவருகிட்ட சொல்லத் தைரியம் வரல. இன்னிக்கு வந்திருக்கு. நாளைக்கு இருக்குமான்னு தெரியாது."

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். தந்திரமா, மெய்யா என்று தேடுகிற பார்வை. அவளுக்கே அது எது என்று தெரியாது. இரண்டும்தான் போலிருந்தது. கடைசியில் எழுதுகிறவரிடம், "வெளிய நில்லு" என்றார். கதவு சாத்தியதும் பாவம் கேட்கும் குரு அணியும் துணிப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார்.

அவள் சொன்னாள். ஓடம், வெள்ளம், மருத்துவச்சியின் கிண்ணம், விடியல், சுவர், கூரைத் தண்ணீர். தாயாரிடம் சொன்னதையும் சொன்னாள்.

"எந்தக் கோ—" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பாவத்தைத்தான் கேட்கலாம், இடத்தை இல்லை. கரி சரிந்து விழும் சத்தம் கேட்டது.

"புதைச்ச பிறகு மழை பெஞ்சுதா?" என்றார். குரல் மாறியிருந்தது. படித்த பேச்சு போய் ஆற்றோரத்துப் பேச்சு வந்திருந்தது.

"பெஞ்சுது சாமி. அன்னிக்கே. விடாம."

அவர் முகத்தைத் திருப்பாமலே தண்டம் சொன்னார். ஒரு வருடம் வெள்ளிக்கிழமைகளில் ரொட்டியும் தண்ணீரும். "இதை இனிமே எந்த ஆளுகிட்டயும் பேசக் கூடாது. இன்னிக்கு இங்க என்ன சொன்னேன்னும் பேசக் கூடாது. முக்கியமா உங்க தாயார்கிட்ட. கேக்க உரிமையில்லாத இடத்துல சொன்ன, அதுவும் ஒரு பாவம்." பிறகு லத்தீனில் மன்னிப்பு வாசகத்தைச் சொல்லி, தலைக்கு மேல் கையை நீட்டினார். எர்சாந்து குனிந்தபடி இருந்தாள். அவர் எழுந்து போய்க் கதவைத் திறக்கும்வரை குனிந்தே இருந்தாள்.

அன்று மாலைத் தீர்ப்பு வந்தது. தாயார் பதவியில் இருப்பார், குற்றத்துக்குச் சாட்சி இல்லை. ஆனால் சனிக்கிழமை அறை இனி இல்லை. உடைந்ததை எல்லோர் முன்னாலும் கூட்டமண்டபத்தில் சொல்ல வேண்டும். அந்த அறையின் கதவைக் கழற்றிவிட வேண்டும். மடத்தில் தாமாக உண்டாக்கிய சைகைகள் அத்தனையும் விலக்கு. ஆண் மடத்துச் சைகைகளைக் கம்பிச் சன்னல் வழியாகத் தியெரி வந்து கற்றுக்கொடுப்பார். அதிகம் பேசுகிற கை வாசலுக்கு ஆகாது என்பதால் எர்சாந்து சாவியைக் கொடுத்துவிட்டுக் கம்பளி அறைக்குப் போக வேண்டும்.

பிள்ளையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. எந்தக் கோயிலுக்கும் யாரும் மண்வெட்டியோடு போகவில்லை. எர்சாந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தபோது அவளுக்கு வருத்தம் மட்டும் இல்லை, நிம்மதியும் இருந்தது.

ஆனால் மடத்தில் எல்லோரும் பார்த்தது வேறு. எழுதுகிற துறவி நடையில் குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். பாடும் கன்னியர் யாரை விசாரித்தபோதும் மடாதிபதி அவரை வெளியே அனுப்பவில்லை. வாசல்காரி வந்தபோது மட்டும் அனுப்பினார்.

"எழுதக்கூட முடியாத அளவுக்கு அப்படி என்னத்தச் சொன்ன?" என்று பெலோத் கேட்டாள்.

"சட்டி."

"அவ்வளவு பெரிய சட்டியா?"

எர்சாந்து அதற்கு மேல் பேசவில்லை. துணைத் தாயார் கிபூர்க் அவளைக் கடந்து போகும்போதெல்லாம் மேலங்கியை ஒதுக்கிக்கொண்டு போனாள். தியெரி வந்து, எல்லாப் பெண்களும் கம்பிக்குப் பின்னால் வரிசையாக நின்று, ரொட்டிக்கு இது, மீனுக்கு இது என்று புதிதாகக் கற்றுக்கொண்ட நாட்களில், அவள் பக்கத்தில் நிற்க யாரும் விரும்பவில்லை. பழக்க தோஷத்தில் யாராவது பழைய சைகை செய்துவிட்டால் உடனே கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டு முதலில் எர்சாந்தைத்தான் பார்ப்பார்கள்.

பெத்ரோனில் தாயார் ஒரே ஒருமுறை கேட்டார். கம்பளி அறையில், ரோமம் பிரிக்கும் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எர்சாந்து பிரித்த ரோமத்தைக் கூடையில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவருகிட்ட என்ன சொன்ன?"

"சொல்லக் கூடாது தாயே. தண்டம்."

"யாரு போட்ட தண்டம்?"

"அவரு."

தாயார் கதவு நிலையில் சாய்ந்தார். முகம் சட்டென்று வயதாகிவிட்டது. "உன்னை நான் யாருகிட்டயும் சொல்லல எர்சாந்து. என் முறை வந்தப்ப, கை புத்தகத்து மேல இருக்கும்போதே, எனக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னேன்."

எர்சாந்து கூடையிலிருந்து கையை எடுத்தாள். தாயார் தனக்காகப் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார். விசாரணைக்கு முந்திய இரவில் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கப்பட்டாள். மடாதிபதி உங்களைப் பதவியிலிருந்து இறக்க முடியாதபடிதான் சொன்னேன் தாயே என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்தைத்தான் மடாதிபதி அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"எனக்கு இப்ப உன்கிட்ட தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான்" என்றார் தாயார். "நீ இன்னமும் என் ஆளா, இல்ல அவரு ஆளா?"

 எர்சாந்தின் கை, இப்போது விலக்கப்பட்ட பழைய சைகைக்காகத் தானாக நெஞ்சை நோக்கிப் போனது. அதைப் பாதியில் நிறுத்தி, கூடையின் பிடியைப் பற்றிக்கொண்டாள். தாயார் அந்தக் கையையும் பார்த்தார்.

"சரி" என்றார். "போ."

கூடை கனமாக இருந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்து, தாயார் விலகி வழிவிட்டதும், பக்கவாட்டில் திரும்பி நிலைவாசலைத் தாண்டினாள். அதற்குப் பிறகு பன்னெடுங்காலம் இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். தாயார் அவளிடம் ரோமத்தின் எடையைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. அவளும் எடையைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.